அரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஈயம்: எஸ்.எம்.டி. சிப்பைக் கையால் பற்றவைக்க முழுமையான வழிகாட்டி

“அக்கா, எனக்குக் கை நடுங்கும்.” நாகர்கோவிலில் என் வேலைமேசைக்கு முதல்முறை வருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்லித்தான் உட்காருகிறார்கள். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு வரும் மாணவர்களும் சொல்வார்கள், மார்த்தாண்டத்தில் பதினைந்து வருடமாக டி.வி. பழுது பார்த்த கைகளும் சொல்லும். எனக்கும் நடுங்கத்தான் செய்கிறது. ஆனால் கை நடுங்கியதால் மட்டும் கெட்டுப்போன போர்டு என் மேசையில் மிகக் குறைவு. முதலில் வைக்க வேண்டியதைக் கடைசியில் வைத்தது, ஈயத்தைப் பரவவைக்கும் ஃப்ளக்ஸ் பசையில் கஞ்சத்தனம் செய்தது, சிப்பைத் திருப்பி வைத்தது ஆகிய மூன்றால் கெட்டவைதான் அதிகம்.

எஸ்.எம்.டி. என்பது கால்கள் துளைக்குள் போகாமல் போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கப்படும் உறுப்பு. எடுத்துக்காட்டாக நாமே வரைந்து வரவழைத்த ஒரு சிறிய போர்டை வைத்துக்கொள்வோம். அதில் எஸ்.டி.எம்.32எஃப்103சி8 என்ற மைக்ரோகன்ட்ரோலர், அதாவது ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினி, இருக்கிறது. 7 மி.மீ. சதுரம், பக்கத்துக்கு 12 வீதம் 48 கால்கள், ஒரு காலின் மையத்திலிருந்து அடுத்த காலின் மையத்துக்கு 0.5 மி.மீ. அதோடு 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் ஏ.எம்.எஸ்.1117 ரெகுலேட்டர், 0603 அளவில் கொஞ்சம் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும், ஒரு யு.எஸ்.பி. வாய். இந்தப் போர்டைச் செய்து முடித்தவருக்கு இதைவிடக் கால் அகன்ற சிப்புகள் எல்லாம் எளிது.

1. ஆர்டர் கொடுக்கும் முன் காகிதத்தில் வைத்துப் பாருங்கள்

போர்டு வரைபடத்தை ஒன்றுக்கு ஒன்று அளவில் காகிதத்தில் அச்சிட்டு, வாங்கிய உறுப்புகளை அதன்மேல் வைத்துப் பாருங்கள். எட்டுக்கால் சிப் என்று ஒரே பெயரில் விற்பவற்றில் உடல் அகலம் 3.9 மி.மீ. உள்ளதும் உண்டு, 5.3 மி.மீ. உள்ளதும் உண்டு. இந்தத் தவறு போர்டு வந்த பிறகுதான் கண்ணில் படும். காகிதத்தில் பிடித்தால் செலவு ஒரு தாள்.

கிகாட் மென்பொருளில் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர்களுக்குக் கையால் பற்றவைப்பதற்கென்றே பேட் சற்று நீளமான வடிவங்கள் தனியாக இருக்கின்றன. அவற்றையே எடுங்கள். பேட் என்பது காலோ முனையோ உட்காரும் வெள்ளிநிறத் திட்டு. அது வெளியே கொஞ்சம் நீண்டிருந்தால்தான் சால்டரிங் அயர்னின் முனைக்குச் சூடாக்க இடம் கிடைக்கும்.

கிரவுண்ட், அதாவது மின்சுற்றின் பொது நெகட்டிவ், பேட்களை அகன்ற செம்புப் பரப்போடு முழுதாக ஒட்டவிடாமல், மெல்லிய நான்கு கைகளால் இணைக்கும் அமைப்பையே வையுங்கள். முழுதாக ஒட்டினால் அயர்ன் தரும் சூட்டை அந்தச் செம்பு முழுவதும் குடித்துவிடும். ஈயம் உருகாமல் பிசினாக நிற்கும். சிப்பைச் சுற்றி 3 மி.மீ.க்குள் உயரமான எதையும் வைக்காதீர்கள். அயர்ன் சாய்வாக வந்து போக வழி வேண்டும்.

முதன்முறை செய்கிறவர் உறுப்புகளை இரண்டு பங்கு வாங்கிக்கொள்ளட்டும். 0603 என்பது 1.6 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. அகலம். தரையில் விழுந்தால் தேட வேண்டாம், அடுத்ததை எடுங்கள்.

2. மேசையில் இருக்க வேண்டியவை

சூட்டைக் கூட்டிக் குறைக்கும் அயர்ன் வேண்டும். சுவரில் செருகினால் தன் போக்கில் கொதிக்கும் 25 வாட் அயர்ன் பெரிய கால்களுக்குப் போதும். இங்கே அது சும்மா இருக்கும் நேரத்தில் அளவுக்கு மீறிச் சூடேறி பேட்டையே போர்டிலிருந்து உரித்துவிடும்.

முனை விஷயத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சிறிய சிப் என்றதும் ஊசிமுனையை வாங்கி வருகிறார்கள். ஊசியின் நுனி தொடும் பரப்பு மிகக் குறைவு, சூடு கடத்தாது. உடனே 400 டிகிரிக்கு ஏற்றுவார்கள், ஃப்ளக்ஸ் கருகும், பிறகு ஒன்றும் ஒட்டாது. நமக்கு வேண்டியது உருளையைச் சாய்வாக வெட்டியதுபோல் தட்டையான முகம் உள்ள முனை. 2சி, 3சி என்று எண் போட்டு வருவது இந்த வகைதான். அந்தத் தட்டை முகத்தில் ஈயம் ஒரு துளியாகத் தங்கும். இந்த வழிகாட்டியில் பாதி வேலையைச் செய்வது அந்தத் துளி.

ஈயம் 0.5 மி.மீ. கம்பி, 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது. அது 183 டிகிரியில் சட்டென்று உருகும், சட்டென்று இறுகும். காரீயம் இல்லாத கலவைகள் 217 டிகிரிக்கு மேல் போக வேண்டும். பழகிய பிறகு அங்கே போகலாம். விற்பனைக்குச் செய்யும் போர்டானால் காரீயம் கூடுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளக்ஸ் ஊசிக்குழலில் வரும் பசை வகை. எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றே: “மக்களே, நீ நினைத்ததைப் போல இரண்டு மடங்கு.” குழாய் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் அமில ஃப்ளக்ஸைத் தொடவே கூடாது. அது ஒட்ட வைக்கும், பிறகு மாதக்கணக்கில் செம்பைத் தின்னும்.

மீதி எல்லாம் சிறிய சாமான்கள். ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல், அதாவது விக், 2 மி.மீ. அகலத்தில். வளைந்த முனையுள்ள நல்ல ட்வீசர். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழைய பல்துலக்கி, மல்ட்டிமீட்டர், முனை துடைக்கப் பித்தளைச் சுருள். அயர்ன் முனையை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். மேலே பூசியிருக்கும் இரும்புப் படலம் போனால் உள்ளேயிருக்கும் செம்பை ஈயம் அரித்துவிடும். வேலை முடிந்து அணைக்கும்போது முனையில் தாராளமாக ஈயம் பூசியே அணையுங்கள்.

காரீயம் தொட்ட கையோடு தின்னக் கூடாது. நாகர்கோவிலில் சிப்ஸ் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நேந்திரங்காய்தான், எனக்கும் அப்படியே. ஆனால் அந்தப் பொட்டலம் வேறு மேசையில் இருக்கட்டும். எண்ணெய் விரல் பட்ட பேட்டில் ஈயம் ஒழுங்காகப் படியாது என்பது இன்னொரு காரணம்.

3. காற்று, ஈரம், எர்த்

மின்விசிறியை நிறுத்துங்கள். 0603 கெப்பாசிட்டர் விசிறிக் காற்றில் பறக்கும். அயர்ன் முனையும் சீராகச் சூடு காட்டாது. ஆரல்வாய்மொழிப் பக்கம் வீடு என்றால் சன்னலையும் சாத்துங்கள். காற்றாலையைச் சுழற்றும் கணவாய்க் காற்று உங்கள் ரெசிஸ்டரை விட்டுவைக்காது. ஃப்ளக்ஸ் புகையை மூச்சில் இழுக்காமல் இருக்க, கணினியிலிருந்து கழற்றிய சிறிய விசிறி ஒன்றை மேசையின் ஓரத்தில் புகையை வெளியே இழுக்கும் திசையில் வைத்தால் போதும்.

நம் மாவட்டத்தில் ஆனி, ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. குளச்சல், முட்டம் பக்கத்து வீடுகளில் இதோடு உப்புக்காற்றும் சேரும். உறையைக் கிழித்து வைத்த போர்டின் பேட்கள் மங்கிவிடும். தேவையானதை மட்டும் எடுத்து, மீதியை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். மங்கிய பேட்டை மாணவர்களின் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து ஆல்கஹாலால் துடைத்தால் மீண்டும் பளிச்சென்று ஆகும்.

எர்த் கட்டாயம். இரண்டு துளை பிளக்கில் அயர்னைச் செருகினால் முனையில் கசியும் மின்னழுத்தம் சிப்பைக் கொல்லலாம். அதுவும் உடனே தெரியாது, ஒரு கால் மட்டும் செத்திருக்கும். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, அதன் எர்த் முள்ளுக்கும் அயர்ன் முனைக்கும் இடையே மல்ட்டிமீட்டரை வையுங்கள். சில ஓம்களுக்குள் காட்ட வேண்டும். மணிக்கட்டுப் பட்டை இருந்தால் அணியுங்கள். அதில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருப்பது உங்கள் பாதுகாப்புக்காக. அதை நீக்கி நேர்க்கம்பி போடும் புத்திசாலித்தனம் வேண்டாம்.

4. வரிசை

இதை எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள்: முதலில் ரெகுலேட்டர் பகுதி, அது சரியா என்ற சோதனை, பிறகு பெரிய சிப், பிறகு சிறிய உறுப்புகள், கடைசியில் உயரமானவையும் யு.எஸ்.பி. வாயும்.

ரெகுலேட்டரை ஏன் முதலில்? அது தவறாக 5 வோல்ட்டை அப்படியே அனுப்பினால் 3.3 வோல்ட்டுக்கான சிப் செத்துப்போகும். சிப் போர்டில் இல்லாதபோதே அதைக் கண்டுபிடிப்பது நல்லது. சிப் ஏன் சிறிய உறுப்புகளுக்கு முன்? அதன் கால்களை ஒட்டியே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர்கள் உட்காரும். அவற்றை முதலில் வைத்துவிட்டால் அயர்னை இழுக்கப் பாதை அடைபட்டுப்போகும். “சின்னதை முதலில் முடித்துவிடலாமே” என்று எல்லோருக்கும் தோன்றும். தோன்றியபடி செய்தவர்கள் கெப்பாசிட்டர்களை மறுபடி கழற்றினார்கள். உயரமானவை கடைசியில் வருவதற்குக் காரணம் எளிது: அவை இருந்தால் போர்டு மேசையில் ஆடும்.

5. ரெகுலேட்டரும் முதல் அளவும்

ரெகுலேட்டரையும் அதன் இரண்டு பக்கக் கெப்பாசிட்டர்களையும் வையுங்கள். ஏ.எம்.எஸ்.1117-இன் அகன்ற உலோகத் தகடு கிரவுண்ட் அல்ல, வெளியீடு. போர்டு வரையும்போதே இதில் தவறியவர்கள் உண்டு. தகட்டின் பேட் பெரியது என்பதால் அதில் அயர்னை நான்கைந்து விநாடி வைத்து, பேட் சூடான பிறகே ஈயம் கொடுங்கள்.

டான்டலம் கெப்பாசிட்டர் என்றால் கோடு போட்ட பக்கம் பாசிட்டிவ். டயோடில் கோடு போட்ட பக்கம் கேத்தோடு, அதாவது நெகட்டிவ் பக்கம். இந்த இரண்டையும் குழப்பினால் டான்டலம் பட்டென்று எரிந்து உங்களுக்கு நினைவூட்டும்.

உள்ளீட்டுப் பேட்களில் இரண்டு கம்பிகளைத் தற்காலிகமாகப் பற்றவைத்து 5 வோல்ட் கொடுங்கள். மின்வழங்கியின் கரன்ட் வரம்பை 100 மில்லி ஆம்பியரில் வையுங்கள். ரெகுலேட்டர் தனக்கே எடுத்துக்கொள்வது 5 மில்லி ஆம்பியர் அளவுதான். வெளியீட்டில் 3.3 வந்தால் கம்பிகளைக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

6. சிப்பை உட்கார வைப்பது

இந்த ஒரு படியில் அவசரப்படாமல் இருந்தால் மற்றவற்றில் எவ்வளவு தவறினாலும் மீட்கலாம். 48 கால்களையும் பற்றவைத்த பிறகு சிப் தொண்ணூறு டிகிரி திரும்பியிருப்பதைப் பார்ப்பவரின் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதல் காலைத் தேடுங்கள். சிப்பின் ஒரு மூலையில் புள்ளி இருக்கும். தொல்லை என்னவென்றால், சில சிப்புகளில் வார்ப்பின்போது உண்டான பெரிய வட்டக் குழிகளும் இருக்கும். அவற்றில் ஒன்றைப் பார்த்துப் புள்ளி என்று எண்ணிவிடுவார்கள். எழுத்துகளை நேராகப் படிக்கும்படி பிடித்தால் முதல் கால் பெரும்பாலும் இடப்பக்கக் கீழ்மூலையில் வரும். அதோடு நிறுத்தாமல் டேட்டாஷீட், அதாவது தயாரிப்பாளரின் விவரத்தாளில் உள்ள படத்தையும் போர்டில் உள்ள குறியையும் ஒப்பிடுங்கள். பிறகு கைப்பேசியில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கண் ஏற்கெனவே முடிவு செய்ததைத்தான் பார்க்கும். படத்தில் தவறு தெரியும்.

நான்கு பக்கப் பேட்களிலும் ஃப்ளக்ஸைக் கோடாக இடுங்கள். பேட்களில் முன்கூட்டி ஈயம் பூச வேண்டாம். பூசினால் மேடும் பள்ளமுமாகிச் சிப் நொண்டும். சிப்பை ட்வீசரால் வைத்து, மேலிருந்து லேசாகத் தள்ளி நேராக்குங்கள். ஃப்ளக்ஸ் பசை அதைப் பிடித்துவைக்கும்.

ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து நேராக்குவதுதான் வழக்கமான தவறு. இந்தப் பக்கம் அழகாக இருக்கும், எதிர்ப்பக்கத்தில் ஒவ்வொரு காலும் இரண்டு பேட்களுக்கு நடுவில் நிற்கும். லென்ஸை வைத்து நான்கு பக்கமும் பாருங்கள்.

அயர்ன் 330 டிகிரி. முனையில் கடுகளவு ஈயம் எடுத்து, சிப்பை ட்வீசரால் மேலிருந்து அழுத்தியபடி ஒரு மூலைக்காலை மட்டும் தொட்டு எடுங்கள். மீண்டும் நான்கு பக்கமும் பார்வை. நகர்ந்திருந்தால் அந்த ஒரு மூலையை உருக்கித் திருத்தலாம். சரியென்றால் குறுக்கே எதிர்மூலையில் ஒரு தொடுதல். மீண்டும் பார்வை. இரண்டாவது மூலை பிடித்த பிறகு திருத்துவது சிரமம், அதனால்தான் நடுவில் இத்தனை பார்வை. இந்த இரண்டு மூலைகளிலும் ஈயம் அசிங்கமாக இருந்தால் கவலை வேண்டாம், பின்னால் சரியாகிவிடும்.

7. இழுத்துப் பற்றவைத்தல்

கால்களின் மேல் மறுபடியும் ஃப்ளக்ஸ் இடுங்கள். முனையைப் பித்தளைச் சுருளில் துடைத்து, அதன் தட்டை முகத்தில் ஒரு சிறு துளி ஈயத்தை உருக்கி ஏற்றுங்கள். மூலைக்கால் பிடித்திராத முனையிலிருந்து தொடங்கி, கால்களின் பாதம் பேட்டைத் தொடும் ஓரத்தில் அந்த முகத்தை வைத்து, மெல்ல ஒரே சீராக இழுங்கள். பன்னிரண்டு கால்களுக்குப் பத்து விநாடி.

நீங்கள் ஒவ்வொரு காலாகக் குறிபார்க்க வேண்டியதில்லை. சூடான உலோகத்தின் மேல் ஈயம் தானாகப் பரவும், இடையிலிருக்கும் பச்சைப் பூச்சின் மேல் ஒட்டாது. ஃப்ளக்ஸ் உலோகத்தின் மேலிருக்கும் ஆக்சைடு படலத்தை நீக்கி இதை நடத்திவைக்கிறது. ஃப்ளக்ஸ் தீர்ந்த இடத்தில் ஈயம் இரண்டு கால்களுக்கு நடுவே கம்பியாக இழுபடும். அப்போது அழுத்தித் தேய்க்காமல் நிறுத்தி, மீண்டும் ஃப்ளக்ஸ் இட்டு, மீண்டும் இழுங்கள்.

முனையைக் கால் வளையும் முழங்காலுக்கு மேலே ஏற்ற வேண்டாம். ஈயம் சிப்பின் உடலுக்குப் பின்னால் ஓடி, வெளியே தெரியாத பாலம் போட்டுவிடும், அதாவது சேரக் கூடாத இரண்டு கால்களை ஒட்டிவிடும்.

ஒரு பக்கம் முடிந்ததும் எதிர்ப்பக்கம் போங்கள். ஒரே இடத்தில் சூடு சேராது. கிரவுண்ட் கால் மட்டும் பிடிக்க மறுத்தால் சூட்டை ஏற்றுவதைவிட அகலமான முனையை மாற்றுவது நல்லது.

8. பாலம் எடுப்பது

கடைசி இரண்டு மூன்று கால்களில் பாலம் வருவது இயல்பு. எனக்கும் வரும். இழுத்து வந்த உபரி ஈயத்துக்குப் போக வேறு இடம் இல்லை.

முதல் மருந்து ஃப்ளக்ஸும் சுத்தமான முனையும்தான். பாலத்தின் மேல் ஃப்ளக்ஸ் இட்டு, துடைத்த முனையை இரண்டு கால்களுக்கு நடுவே வைத்து, சிப்பிலிருந்து வெளிப்பக்கமாக இழுங்கள். உபரி ஈயம் முனையோடு வந்துவிடும். பத்தில் எட்டுப் பாலம் இதிலேயே தீரும்.

மீதிக்கு விக். புதிய நுனியை வெட்டி, அதிலும் கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவி, பாலத்தின் மேல் வைத்து அதன்மேல் அயர்னை வையுங்கள். செம்பு வெள்ளியாக நிறம் மாறியதும் விக்கையும் அயர்னையும் ஒன்றாகவே எடுக்க வேண்டும். அயர்னை முதலில் எடுத்தால் விக் அங்கேயே இறுகும். இழுப்பீர்கள், பேட் கூடவே வரும். ஒருமுறை பேட் போனால் பிறகு மெல்லிய கம்பி வைத்துத் தையல் வேலை. பக்கவாட்டில் தேய்க்கவும் கூடாது, அரை மி.மீ. கால்கள் புல்லைப்போல் சாய்ந்துவிடும்.

9. சிறிய உறுப்புகள்

ஒரு பேட்டில் மட்டும் சிறிது ஈயம் இடுங்கள். அதை உருக்கிவைத்தபடி, ட்வீசரில் பிடித்த உறுப்பைப் பக்கத்திலிருந்து தள்ளி உள்ளே நுழைத்துவிடுங்கள். அயர்னை எடுத்து, இறுகிய பிறகு ட்வீசரை விடுங்கள். அடுத்த முனைக்கு ஈயம் கொடுங்கள். பிறகு முதல் முனைக்குத் திரும்பிச் சிறிது புதிய ஈயம் கொடுங்கள். அங்கே ஃப்ளக்ஸ் கருகிப்போயிருக்கும்.

செராமிக் கெப்பாசிட்டரின் உடலில் எந்த எழுத்தும் இருக்காது. ஒரே நேரத்தில் இரண்டு மதிப்புகளின் பட்டையைத் திறந்தால் கலந்துவிடும், பிறகு கடவுளுக்கே தெரியாது. ஒரு மதிப்பைப் போர்டு முழுவதும் வைத்து முடித்த பிறகே அடுத்த பட்டையைக் கிழியுங்கள். அயர்னால் அதன் உடலைத் தொடாமல் பேட்டைச் சூடாக்குங்கள், திடீர்ச் சூட்டில் அது விரிசல் விடும். ரெசிஸ்டரில் 103 என்றாலும் 1002 என்றாலும் 10 கிலோஓம்தான். எண்ணிக்கை குறைகிறதே என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். எல்.இ.டி.யின் திசையைக் குறி பார்த்து நம்பாமல், மல்ட்டிமீட்டரின் டயோடு நிலையில் எரியவைத்துப் பார்த்து வையுங்கள்.

10. கழுவுதல்

போர்டை ஆல்கஹாலில் நனைத்துப் பல்துலக்கியால் தேயுங்கள். இங்கே எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். கரைந்த ஃப்ளக்ஸ் போர்டு முழுவதும் மெல்லிய படலமாகப் பரவிக் காய்ந்திருக்கும், அவ்வளவுதான். போர்டைச் சாய்த்து, ஈரம் இருக்கும்போதே துணியில் ஒற்றி எடுத்து, புதிய ஆல்கஹாலில் இரண்டாவது முறை கழுவ வேண்டும். வறண்ட ஊரில் இந்தப் படலம் சும்மா கிடக்கலாம். நம் ஈரக்காற்றில் அது தண்ணீரை இழுத்து, கால்களுக்கு நடுவே மின்சாரத்தைக் கசியவிடும்.

கை கழுவும் சானிடைசரால் கழுவிய போர்டு ஒன்று என்னிடம் வந்தது. அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும், காயவே காயாது. பெயின்ட் தின்னரும் வேண்டாம், அது பிளாஸ்டிக்கைத் தின்னும். ஸ்விட்ச், பஸ்ஸர் போன்றவற்றைக் கழுவி முடித்த பிறகே பொருத்துங்கள். உள்ளே ஃப்ளக்ஸ் நீர் புகுந்தால் வெளியே வராது.

11. மின்சாரம் கொடுக்கும் முன்பும் பின்பும்

லென்ஸில் ஒவ்வொரு காலையும் பாருங்கள். நல்ல இணைப்பில் கால் நுனியிலிருந்து பேட்டுக்கு ஈயம் குழிவாகச் சரியும். கால் பேட்டின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். அதனால் தையல் ஊசியின் நுனியால் ஒவ்வொரு காலையும் மெல்லப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் அது ஒட்டவில்லை.

இந்தச் சிப்பில் 23-24, 35-36, 47-48 ஆகிய ஜோடிகள் கிரவுண்டும் 3.3 வோல்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை. 8-9 ஜோடியும் அப்படியே, அது அனலாக் பகுதிக்கானது. இங்கே பாலம் இருந்தால் முழு ஷார்ட். மல்ட்டிமீட்டரை 3.3-க்கும் கிரவுண்டுக்கும் இடையே வையுங்கள். ஒரு கணம் பீப் அடித்து நின்றால் பயப்பட வேண்டாம், கெப்பாசிட்டர்கள் நிரம்புகின்றன. பீப் நிற்காமல் அடித்தால்தான் ஷார்ட். அப்போது முதலில் இந்த நான்கு ஜோடிகளைத் தேடுங்கள்.

இப்போது யு.எஸ்.பி. வாயைப் பொருத்தலாம். முதல் மின்சாரத்தை மடிக்கணினியிலிருந்து எடுக்காதீர்கள். வரம்பு வைக்கும் மின்வழங்கி இல்லையென்றால், பழைய 5 வோல்ட் சார்ஜரோடு தொடரில் 22 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு உள்ளீட்டுக்குக் கொடுங்கள். ஷார்ட் இருந்தால் ரெசிஸ்டர் சுடும், சிப் பிழைக்கும். சிப்பின் முதுகில் விரலை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் போனால் உடனே நிறுத்துங்கள்.

ப்ரோகிராமர், அதாவது சிப்பில் ப்ரோகிராம் ஏற்றும் கருவி, சிப்பைக் கண்டுகொள்ளவில்லையா? மென்பொருளைச் சந்தேகிக்கும் முன் 7-ஆம் காலையும் 44-ஆம் காலையும் ஊசியால் தள்ளிப் பாருங்கள். முன்னது சிப்பை மறுபடி தொடங்கவைக்கும் ரீசெட், பின்னது எங்கிருந்து தொடங்குவது என்று தீர்மானிக்கும் பூட்0. என் மேசையில் இந்தப் புகாருக்குக் காரணமாக இருந்தவை பெரும்பாலும் ஒட்டாத ரீசெட் காலோ, ப்ரோகிராமர் கம்பி போகும் 34, 37-ஆம் கால்களோதான்.

12. படகுக்கோ கடற்கரைக்கோ போகும் போர்டு என்றால்

ப்ரோகிராம் ஏற்றி, இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்த பிறகு மட்டும் பாதுகாப்பு வார்னிஷ் பூசுங்கள். பூசிய பின் திருத்துவது எரிச்சலான வேலை. அடியில் ஃப்ளக்ஸ் மீந்திருந்தால் அதையும் சேர்த்து உள்ளே பூட்டிவிடுவீர்கள், அதனால் மறுபடி ஒருமுறை கழுவிக் காயவைத்துப் பூசுங்கள். யு.எஸ்.பி. வாயையும் ஸ்விட்சையும் டேப்பால் மூட மறக்காதீர்கள். குளச்சலிலிருந்து வந்த தம்பி ஒருவர் எல்லாம் சரியாகச் செய்து, கடைசியில் வாயோடு சேர்த்தே பூசிக்கொண்டு வந்தார். சிப் நன்றாக வேலை செய்தது, புதிய யு.எஸ்.பி. வாய் போட எங்களுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.